மார்கழியில் நீச்சல் குளம்: எந்த ஹீட்டர் நம் வீட்டுக்குச் சரி?

"நாலு அண்டா வெந்நீர் காய்ச்சி ஊற்றினால் ஆகாதா, தம்பி?" என்று கேட்டார் அயித்தை. மூட்டு வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டின் பின்கட்டைத் தாண்டினால் குளம். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் வருவார், முதல் படியில் வலது காலை வைப்பார், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி ஒரு நிமிடம் நிற்பார், பிறகு காப்பிக்குத் திரும்பிவிடுவார்.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஹீட்டர் விற்க வந்த மூன்று பேரும் சொல்லாத கணக்கு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். அதாவது 40,000 லிட்டர். காலை ஆறு மணிக்குக் கயிற்றில் கட்டி இறக்கிய தெர்மாமீட்டர் 24 டிகிரி காட்டியது. அயித்தைக்கு 29 வேண்டும். ஐந்து டிகிரி ஏற்றுவதற்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் நூறு லிட்டர் அண்டாவில் 28 அண்டா தேவை. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு இரண்டைப் போட்டு, சமையல்காரர் ஒருவரையும் கூப்பிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் மறுநாள் காலையில் பாதிச் சூடு போயிருக்கும்.

கணக்கை மின்சார அளவில் வைத்துக்கொண்டால் பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட எளிது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். எங்கள் குளத்துக்கு ஒரு டிகிரிக்கு 46.5 யூனிட். ஐந்து டிகிரிக்கு 232. எந்தக் கருவி வாங்கினாலும் இந்த 232 மாறாது. அதை எங்கிருந்து, என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

இணையத்தில் இந்தப் பொருளைப் பற்றிக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்க்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு ஆண்டில் பாதி நாள் காற்றே உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நமக்குக் கார்த்திகை கடைசியில் தொடங்கி மாசி முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிற குளிர். பத்து வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு. இரவில் இருபது இருபத்தொன்றுக்கு இறங்கும், பகலில் மறுபடி முப்பதைத் தொட்டுப் பார்க்கும். இதற்கு நேர் எதிராகச் சித்திரையும் வைகாசியும் இருக்கின்றன. போன மே மாதம் பிற்பகலில் எங்கள் குளத்தில் 33 டிகிரி. இறங்கினால் குளித்த உணர்வே இல்லை, ரசத்தில் இறங்கியது போல இருந்தது. செட்டிநாட்டில் ஹீட்டர் வாங்குகிறவர் இந்த இரண்டு மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் மார்கழியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள், ஏனென்றால் நாம் மார்கழியில்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம்.

இன்னொன்று, நம் பழைய வீடுகளில் குளம் அமைந்திருக்கும் இடம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்னால் மதில் சூழ்ந்த இடத்தில்தான் தோண்ட முடிகிறது. இரண்டு மாடி உயரச் சுவர் ஒரு பக்கம், மதில் மறு பக்கம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் காலை பத்து மணிக்குப் பிறகுதான் தண்ணீரில் வெயில் விழும், மூன்று மணிக்குச் சுவரின் நிழல் பாதிக் குளத்தை மூடிவிடும். ஊருக்கு வெளியே தோப்பில் உறவினர் ஒருவர் இதே அளவில் குளம் கட்டியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டையும் அளந்து பார்த்தேன். அங்கே மாலையில் இரண்டு டிகிரி அதிகம். அவருக்குச் சரியாக அமைந்த கருவி எங்களுக்கும் அமையும் என்று நினைத்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதையும் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 டிகிரி. வேகமாக நீந்துகிறவருக்கு அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும். நீந்தப் பழகும் பிள்ளைகளுக்கு 29, 30 இருந்தால்தான் உதடு நீலம் பாய்வதற்கு முன் ஏதாவது கற்றுக்கொள்வார்கள். மூட்டு வலிக்காரர்களுக்கு 28 முதல் 31 வரை. இந்த மூன்று கூட்டமும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கருவிக்கு முன் போர்வை

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நீச்சல் குளம் வாய் அகன்ற பெரிய பானை, அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் கிட்டத்தட்ட 0.67 யூனிட் வெப்பம் அதோடு போகிறது. குளத்தின் ஓரத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன். காற்றடித்த ஒரு நாளில் ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கேட்பதற்குச் சிறியதாக இருக்கிறது. எங்கள் குளத்துக்கு அது 160 லிட்டர் தண்ணீர், 108 யூனிட் வெப்பம், 2.3 டிகிரி.

ஆகவே முதல் செலவு குமிழிப் போர்வை. காற்றுக்குமிழிகள் பொதிந்த நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு, குமிழிப் பக்கம் தண்ணீரைத் தொடும்படி மிதக்க விடுவது. குளத்துக்குப் போர்வை போட்டால் வெப்பமூட்டும் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எங்கள் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போர்வை இல்லாத இரவில் 2.5 டிகிரி இறங்கிய தண்ணீர், போர்வையோடு ஒரு டிகிரிதான் இறங்கியது. ஹீட்டர் ஏதும் இல்லாமலேயே ஒரு வாரத்தில் காலை அளவு 24-லிருந்து 26-க்கு வந்தது. வேண்டிய ஐந்து டிகிரியில் இரண்டு அப்போதே கிடைத்துவிட்டது. தண்ணீரும் மிச்சம். ஊருணியை நம்பி வாழ்ந்த ஊரில் தினமும் நூற்றைம்பது லிட்டரைக் காற்றுக்குக் கொடுப்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இந்தப் போர்வை பாதுகாப்பு மூடி அல்ல. அதன் மேல் கால் வைக்கும் குழந்தை உள்ளே போய்விடும், போர்வை மேலே மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டுப் போட்ட கதவோ வேலியோ இல்லாமல் போர்வை விரிக்கவே கூடாது. பிள்ளைகள் குளிக்கும்போது பாதி சுருட்டி, பாதி விரித்தும் வைக்காதீர்கள்.

மின்சாரம், எரிவாயு, விறகு

வெந்நீர்க் கம்பியைப் பெரிதாக்கி ஒரு குழாய்க்குள் வைத்தால் அதுதான் மின்சார ஹீட்டர். விலை குறைவு, இடம் வேண்டாம், சத்தமில்லை, கெட்டுப்போகவும் பெரிதாக ஏதும் இல்லை. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் தரும். குறையும் அதுவே. போர்வை போட்ட பிறகும் நாளொன்றுக்கு ஒரு டிகிரி ஈடு செய்ய எங்களுக்கு 46.5 யூனிட். மின்வாரியக் கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்துக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2,800 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்து ஆறுதல் அடைய முடியாத அளவு. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 28,000 ரூபாய். கொஞ்சம் பெரிய ஹீட்டர் என்றால் மும்முனை இணைப்பும் வேண்டும்.

ஆனால் இதைத் தள்ளிவிடவும் மாட்டேன். முதியவர்கள் நடப்பதற்கென்றே மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டரில் சிறிய தொட்டி கட்டுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். ஆழம் 1.2 மீட்டர் என்றால் 7,200 லிட்டர்தான். ஒரு டிகிரிக்கு 8.4 யூனிட். அறைக்குள் இருந்து, மூடியும் இருந்தால் ஆறு கிலோவாட் மின்சார ஹீட்டர் போதும். அதற்குப் போய் லட்சக்கணக்கில் கருவி வாங்குவது வீண்.

எரிவாயு ஹீட்டரின் பலம் வேகம். வெளியே காற்று எப்படி இருந்தாலும், மழை பெய்தாலும், கேட்ட சூட்டைக் கேட்ட நேரத்தில் தரும். ஆண்டு முழுவதும் பூட்டிக்கிடந்து, அறுபதாம் கல்யாணச் சாந்திக்கோ பிள்ளையார் நோன்புக்கோ மூன்று நாள் மட்டும் திறக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வியாழக்கிழமை மாலை பற்றவைத்தால் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் குதிக்கலாம். ஒரு கிலோ எரிவாயுவில் கழிவு போக ஏறக்குறைய 11 யூனிட் வெப்பம் கிடைக்கும். எங்கள் ஐந்து டிகிரிக்கு 21 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று முழுதாகக் காலியாகி, அடுத்ததிலும் கை வைக்க வேண்டும். பிறகு தினமும் நாலு கிலோவுக்கு மேல். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு மாட்டுவது விதிப்படி தவறு, மாட்டிக்கொள்ளவும் நேரும். வணிக சிலிண்டர் விலை மாதம் முதல் தேதியில் மாறுகிற ஒன்று. மார்கழி முழுவதும் ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. கருவி திறந்தவெளியில் இருக்க வேண்டும். பழைய தேக்கு உத்தரத்துக்குக் கீழே, அறைக்குள், எரிவாயுக் கருவியை வைக்க நினைக்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

விறகுக் கொதிகலனும் ஒருவர் சொன்னார். சிவகங்கை மாவட்டத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமா? எங்கள் ஐந்து டிகிரிக்கு நூறு கிலோ காய்ந்த விறகு போதும், செலவும் மிகக் குறைவு. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும், புகைபோக்கி வேண்டும், முட்டைவெள்ளை கலந்து பூசிப் பளிங்கு போல வைத்திருக்கும் சுண்ணாம்புச் சுவரில் கரி படியும். தோப்பு வீட்டுக்காரர் முயன்று பார்க்கலாம்.

வெயிலைப் பிடிப்பது

சூரிய வெப்பம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய்களோடு இருக்கும் குளியல் வெந்நீர்த் தொட்டி. நீச்சல் குளத்துக்கு அது ஒத்துவராது. அது கொஞ்சம் தண்ணீரை மிகவும் சூடாக்கும். நமக்கு நிறையத் தண்ணீர், கொஞ்சம் சூடு. குளோரின் கலந்த தண்ணீரை அதற்குள் நேராக விடவும் கூடாது. குளத்துக்கென்று இருப்பது கறுப்பு நிறப் பிளாஸ்டிக் குழாய்ப் பாய். மேலே கண்ணாடி கிடையாது. ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பாய் வழியாக ஓடி, ஓரிரு டிகிரி சூடேறித் திரும்பக் குளத்துக்கு வரும். வெளிக்காற்றுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் குறைவாக இருப்பதால் இந்த எளிய பாயே விழுகிற வெயிலில் பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறது.

குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை பாய் வேண்டும். எங்கள் 32 சதுர மீட்டருக்கு 20 சதுர மீட்டர் போட்டால் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 50 யூனிட் வெப்பம், ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். போர்வையும் இருந்தால் இரவில் போனதைப் பகலில் பிடித்துவிடலாம். மோட்டார் ஓடும் செலவைத் தவிர வேறு செலவில்லை. கோடையில் இரவு நேரத்தில் தண்ணீரை அதே பாய் வழியாக ஓட்டினால் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு இறங்கும், குளம் குளிரும். இந்த உபயோகத்தைச் சொல்லி விற்கிறவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

பிறகு ஏன் நான் அதைப் போடவில்லை? கூரைதான் காரணம். எங்கள் வீட்டில் பாதி ஓடு. ஓட்டின் மேல் ஏறுகிற ஆள் இறங்கி வரும்போது பத்து ஓடாவது உடைந்திருக்கும். மாற்று ஓடு அதே அளவில் கிடைக்காது, பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேடிப் போக வேண்டும். மிச்சம் இருக்கும் தளம் முகப்பின் மேல். அங்கே சுதைச் சிற்பங்களுக்கு நடுவில் கறுப்புப் பாயை விரிக்கப் பங்காளிகள் ஏழு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒரு பொதுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவே மூன்று வருடம் பேசிய குடும்பம் எங்களுடையது. குளத்துக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே அறுபது மீட்டர் குழாய் வேறு. போகிற வழியிலேயே கொஞ்சம் ஆறிவிடும்.

தோப்பு உறவினரிடம் இந்தச் சிக்கல் ஏதும் இல்லை. மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கான்கிரீட் தளம், அதன் மேல் தெற்குப் பார்த்த இரும்புச் சட்டம். காரைக்குடி 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. குளிர்கால வெயிலுக்காகச் சாய்ப்பதென்றால் அட்சரேகையோடு 10, 15 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி, ஆகவே 20 முதல் 25 டிகிரி சாய்வு. அவருக்கு ஒரே தொல்லை மயில். காலையில் இதமாக இருக்கிறது என்று பாயின் மேல் வந்து நிற்கின்றன, குழாயைக் கொத்துகின்றன. இன்னொரு குறை எல்லோருக்கும் பொது. வடகிழக்குப் பருவமழை மேகம் கார்த்திகையிலும் மார்கழி முற்பாதியிலும் வெயிலைத் தேவையான நேரத்தில் மறைத்துவிடும். நான்கு நாள் மூட்டம் போட்டால் பாய் வெறும் பாய்தான்.

ஹீட் பம்ப்

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் கை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துக் குளத்துத் தண்ணீரில் விடுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்காகச் செலவாவதில்லை, இடம் மாற்றும் கூலியாகத்தான் செலவாகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் ஏழு யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். காற்று எவ்வளவுக்குச் சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு லாபம். பனி ஊர்களில் பத்து டிகிரிக்குக் கீழே காற்று இறங்கினால் இது திணறும். நம் மார்கழி இரவின் இருபது டிகிரியும் ஈரக்காற்றும் இதற்குத் தீபாவளி.

ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் எங்கள் 232 யூனிட் வெப்பத்துக்கு 46 யூனிட் மின்சாரம். தினசரி ஒரு டிகிரிக்கு ஒன்பது அல்லது பத்து யூனிட். மின்சார ஹீட்டரின் 2,800 யூனிட் இங்கே 560 ஆகிறது. 15 கிலோவாட் வெப்பம் தரும் கருவி மூன்று கிலோவாட் அளவு மின்சாரம்தான் இழுக்கும் என்பதால் ஒருமுனை இணைப்பிலேயே ஓடுகிற மாதிரிகள் உண்டு. மாலையில் மின்னழுத்தம் குறையும் தெருவாக இருந்தால் அதை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

விலை லட்சங்களில். வேகமும் கிடையாது. எங்கள் கருவி முதல் முறை சூடேற்ற இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. திடீரென்று விருந்தினர் வருகிறார்கள் என்று காலையில் பொத்தானை அழுத்தினால் மாலையில் வெட்கப்பட வேண்டியதுதான்.

வாங்கும்போது விளம்பரத்தில் பன்னிரண்டு மடங்கு, பதினைந்து மடங்கு என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கருவி அரை வேகத்திலோ அதற்கும் கீழோ ஓடும்போது, காற்று 27 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் இருக்கும்போது கிடைக்கிற எண் அது. காற்று 15 டிகிரியில், முழு வேகத்தில் எத்தனை என்று கேளுங்கள். அட்டவணையில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் விடியற்காலை அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கேயோ விழும்.

இனி நான் பட்டது. கருவியைப் பொருத்த வந்தவர்கள், வெளியில் தெரியாமல் இருக்கட்டும் என்று, இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலச் சந்தில் வைத்தார்கள். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. கருவி விடும் காற்று உள்ளே போனதைவிடக் குளிர்ந்து வரும். அந்தக் குளிர்காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி மறுபடி கருவிக்குள்ளேயே போயிற்று. ஊரே 21 டிகிரியில் இருக்க, எங்கள் சந்தில் மட்டும் 15. இரவு முழுவதும் ஓடியும் தண்ணீர் 27-ஐத் தாண்டவில்லை. அழைத்துக் கேட்டபோது இன்னும் பெரிய கருவி வாங்கச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து நானே பிளம்பரை வைத்து அதைக் கிணற்றடிக்கு மாற்றினேன், காற்று வெளியேறும் பக்கம் திறந்தவெளி. அதே கருவி இரண்டே நாளில் 29-ஐத் தொட்டது. அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டுக் காவலாளி குழாய் ஒழுகுகிறது என்று ஓடிவந்தார். காற்றிலிருந்த ஈரம் படிந்து வடிகிற தண்ணீர் அது. கிணற்றடியில் நின்ற செம்பருத்திக்குப் பாய விட்டோம்.

நான் கடைசியில் இதை எடுத்ததற்குக் காரணம் மார்கழி அல்ல, மே மாதம். சற்றுக் கூடுதல் விலையில் இருவழி ஹீட் பம்ப் கிடைக்கிறது, ஒரு பொத்தானில் சூடாக்குவதை விட்டுக் குளிர்விக்கத் தொடங்கும். 33-லிருந்து 29-க்கு இறக்க ஐம்பது யூனிட் போல ஆகிறது. பத்து வாரம் வேலை செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் துருப்பிடித்து நிற்கும் கருவிக்குப் பதிலாக ஆண்டில் ஐந்தாறு மாதம் உழைக்கிற ஒன்று. வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்களுக்கு இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம் என்பேன். கானாடுகாத்தான் மாளிகைகளைப் பார்க்க வருகிறவர்கள் குளிர்காலத்தில்தான் கூட்டமாக வருகிறார்கள். ஆனால் மே விடுமுறையில் வருகிற குடும்பம்தான் குளத்தைவிட்டு ஏறாது. விடுதி என்றால் வீட்டுக் கட்டணம் கிடையாது, வணிகக் கட்டணம். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் என்பது அங்கே இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

உள்ளே என்ன உலோகம்?

ஹீட் பம்ப்போ எரிவாயுவோ, உள்ளே தண்ணீர் தொடும் வெப்பமாற்றி எதனால் ஆனது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். செம்பு என்றால் தண்ணீரின் அமிலத்தன்மை கூடும்போது அரிக்கும். தண்ணீர் பச்சையாகும், வெளுத்த தலைமுடியும் பச்சையாகும். டைட்டானியம் என்றால் குளோரினுக்கும் உப்புக்கும் அசையாது. உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு டைட்டானியம்தான் நல்லது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்கட்டும். குளோரின் மாத்திரையைத் தண்ணீர் உறிஞ்சும் வாயில் போடுவது நம் ஊர் வழக்கம். கரைந்த அமிலத் தண்ணீர் அப்படியே ஹீட்டருக்குள் போகிறது. முதலில் ஃபில்டர், பிறகு ஹீட்டர், அதற்கும் பிறகுதான் குளோரின் என்ற வரிசையில் குழாய் போகவேண்டும். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. உலோகம் எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதே ஊரில் ஒன்றரை வருடத்தில் ஓட்டை விழுந்த செம்புக் குழாயை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார் என்பதும் முக்கியம். திருச்சியோ மதுரையோ, எதுவானாலும் 90 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவு. வீட்டுக் குளிர்சாதனம் பார்க்கிற உள்ளூர் மெக்கானிக்குக்கு ஹீட் பம்ப்பின் பாதி விஷயம் புரியும், வாயு நிரப்பவும் தெரியும். மின்சார ஹீட்டரை எலக்ட்ரீஷியனே பார்த்துவிடுவார். எரிவாயுக் கருவிக்கு மட்டும் அந்த வேலை தெரிந்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு வேறு யாரையும் தொட விடக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகு யாராவது என்னிடம் கேட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, ஆண்டில் எத்தனை நாள் குளத்தில் இறங்குகிறீர்கள் என்பது. பதினைந்து நாளுக்குள் என்றால் போர்வை மட்டும் வாங்குங்கள். பிடிவாதமாகச் சூடு வேண்டுமென்றால் சிறிய எரிவாயு ஹீட்டர். கான்கிரீட் தளமும் வெயிலும் பக்கத்திலேயே இருந்தால் சூரியப் பாய், பொறுமை இருந்தால் அதுவே போதும். பள்ளிக்கூடத்தின் 25 மீட்டர் குளம் என்றால் கணக்கே வேறு. ஒரு டிகிரிக்கு ஐந்நூறு யூனிட் கேட்கும் தண்ணீர் அது. வகுப்பறைக் கட்டடங்களின் மேல் முழுக்கப் பாய் விரித்து, மூட்ட நாளுக்கு மட்டும் ஹீட் பம்ப் வைப்பதுதான் தாங்கும். மதிலுக்குள் அடைபட்ட குளம், ஓட்டுக்கூரை, தினமும் இறங்குகிற ஆள் என்று எங்கள் வீட்டைப் போல இருந்தால் போர்வையும் இருவழி ஹீட் பம்ப்பும்.

அயித்தை இப்போது தினமும் காலை ஆறரைக்கு இறங்கி இருபது நிமிடம் நடக்கிறார். பிள்ளையார் நோன்புக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் நீச்சல்காரர். 27-க்கு மேல் இருந்தால் நீந்த முடியாது என்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு 30 வேண்டும். ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி ஏற்றினாலே செலவு பத்திலிருந்து முப்பது சதவீதம் வரை கூடும் என்று எல்லோரிடமும் சொல்லி 28-இல் நிறுத்தி வைத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் திரையில் 29 இருந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். அயித்தை தண்ணீருக்குள் நின்றபடி, "காவலாளியாக இருக்கும்" என்றார்.